எழுபத்தாறாயிரம் சட்டைகள்

எங்கள் தெருமுனை வேப்ப மரத்தடியில் ஒருவர் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். பதினேழு வருடப் பழக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை, துணிகளைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார். கையில் வழவழ தாளில் அச்சடித்த கலர் புத்தகம். அட்டையில் கண்ணாடிக் கட்டடம், அதற்கு முன்னால் சிரிக்கும் நாலு பிள்ளைகள்.

"பாப்பா பாஸாயிடுச்சு சார். நல்ல மார்க்கு. இன்ஜினீயரிங் காலேஜுல சீட்டு பேசி முடிச்சிட்டேன். நீங்க ஒருவாட்டி பார்த்து, நல்ல காலேஜான்னு சொல்லிட்டீங்கன்னா நிம்மதியா இருக்கும்."

'பேசி முடிச்சிட்டேன்' என்பது கல்யாணத்துக்குச் சொல்கிற வார்த்தை. இப்போது காலேஜுக்கும் அதுதான். இங்கேயும் புரோக்கர் உண்டு, தட்சணை உண்டு. பொண்ணை யாரும் கேட்பதில்லை என்பது வரை அப்படியே ஒத்துப்போகிறது.

உட்காரச் சொல்லிக் கணக்கைக் கேட்டேன். பில்டிங் ஃபண்ட் என்ற பெயரில் இரண்டு லட்சம். ரொக்கமாக. ரசீது கிடையாது. வருடக் கட்டணம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பஸ் தனி, புத்தகம் தனி. டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அதற்கும் ரசீது இல்லை. மீதியை ஒரு வாரத்துக்குள் கட்டாவிட்டால் சீட்டு வேறு ஆளுக்குப் போய்விடுமாம். ஊரில் இருக்கிற அரை ஏக்கரை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரம்மாவின் நகை அடகுக்குத் தயார்.

"ஒரு சட்டைக்கு என்ன வாங்கறீங்கண்ணே?"

"பத்து ரூபா சார். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. நாலு வருடக் கட்டணம் ஐந்து லட்சத்து அறுபதாயிரம். அதோடு அந்த இரண்டு லட்சம். மொத்தம் ஏழு லட்சத்து அறுபதாயிரம். அதாவது எழுபத்தாறாயிரம் சட்டைகள். ஒரு நாளைக்கு நூறு சட்டை தேய்த்தாலும் 760 நாள். கரி வாங்காமல், வாடகை கொடுக்காமல், சாப்பிடாமல் இரண்டு வருடத்துக்கு மேல் அவர் அந்த மரத்தடியில் நின்று தேய்க்க வேண்டும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2011-ல் நானே இதைச் செய்திருக்கிறேன். அக்கா பையனுக்காக, ஒரு மஞ்சள் பையில் பணத்தை வைத்துக்கொண்டு அக்காவோடு ஒரு கல்லூரி அலுவலகத்தின் பின்பக்க அறையில் உட்கார்ந்திருந்தேன். எண்ணி வாங்கிக்கொண்டவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையன் என்ன படிக்க ஆசைப்படுகிறான் என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு வருடம் முடிந்தபோது பதினோரு அரியர். எல்லாம் எழுதி முடிக்க இன்னும் இரண்டு வருடம். இன்று ஒரு மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக நன்றாகவே இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது சொன்னான்: "மாமா, அந்தப் பணத்தை பேங்குல போட்டுட்டு என்னை பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்த்திருந்தா, இதே வேலைக்கு மூணு வருஷம் முன்னாடியே வந்திருப்பேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் சுயநிதி இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது 1984-ல். ஒரு கட்டத்தில் ஐநூறைத் தாண்டின. பிறகு பல கடைகள் மூடிவிட்டன. இன்றும் நானூறுக்கு மேல் இருக்கின்றன. கவுன்சலிங் முடியும்போது வருடா வருடம் ஆயிரக்கணக்கான சீட்டுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. நிலைமை இப்படி இருக்க, 'ஒரு வாரத்துல சீட்டு தீர்ந்துடும்' என்று ஒருவன் சொன்னால் அவன் வியாபாரி. நம்பினால் நாம் வாடிக்கையாளர். நல்ல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சீக்கிரம் தீரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கல்லூரிகள் ரிசல்ட் வந்த மறுநாள் இஸ்திரிக்காரரின் செல்போனுக்குக் கூப்பிட்டு 'சீட்டு வேணுமா' என்று கேட்பதில்லை.

அந்த செல்போன் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? அவருக்குத் தெரியவில்லை. அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. பொண்ணு படித்த பள்ளியில் மட்டும்தான் கொடுத்திருந்தார். மிச்சத்தை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

நன்கொடை வாங்குவதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா என்றால், பேஷாக இருக்கிறது. தமிழ்நாடு 1992-லேயே தடைச் சட்டம் போட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கிலும், 2005-ல் இனாம்தார் வழக்கிலும் நன்கொடை கூடாது, கல்வியில் கொள்ளை லாபம் கூடாது என்று சொல்லியாயிற்று. கட்டணம் நிர்ணயிக்கக் கமிட்டியும் இருக்கிறது. பின்பக்க அறையில் ரொக்கம் எண்ணுகிற மெஷினும் இருக்கிறது. சட்டத்தை மீறுகிறவன் ஒருவன். மஞ்சள் பையோடு தேடிப்போய் மீறச் சொல்கிறவர்கள் நாம். கொடுக்கிற கை இருக்கும்வரை வாங்குகிற கை நீண்டுகொண்டுதான் இருக்கும்.

இப்போது இன்னொரு கணக்கு. அந்தப் பெண்ணின் மதிப்பெண்: கணிதம் 91, இயற்பியல் 82, வேதியியல் 84. கணிதத்துக்கு முழுசாக, மற்ற இரண்டுக்கும் பாதி. கட் ஆஃப் 200-க்கு 174. கவுன்சலிங்கில் கௌரவமான கல்லூரி கிடைக்கும் மதிப்பெண். 'எனக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் வேணும்' என்று அடம்பிடித்தால் கல்லூரியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

2017-ல் கமிட்டி நிர்ணயித்த கட்டணத்தை வைத்தே பார்ப்போம். கவுன்சலிங்கில் வரும் சீட்டுக்கு வருடம் 50,000. தரச்சான்று பெற்ற படிப்பு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கே 85,000, 87,000 என்றுதான் நிர்ணயித்தார்கள். அந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் சொல்லுங்கள். (இந்த வருடத் தொகையைக் கவுன்சலிங் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புரோக்கர் வாயால் கேட்காதீர்கள்.)

அந்த வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. அப்படியானால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. சுயநிதிக் கல்லூரியில் வருடம் இருபத்தைந்தாயிரம் வரை கட்டணம் குறையும். 55,000-ல் 25,000 போனால் முப்பதாயிரம். நாலு வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். பன்னிரண்டாயிரம் சட்டைகள்.

எழுபத்தாறு எங்கே, பன்னிரண்டு எங்கே? அதே பெண். அதே மதிப்பெண். சில சமயம் அதே கல்லூரி, அதே பெஞ்ச். கவுன்சலிங் கல்லூரிகளும் வேறு வேறு பெயர்களில் கறக்கத்தான் பார்க்கும். அதையும் சேர்த்தாலும் பாதிகூட வராது.

இதில் விஷயம் என்னவென்றால், மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் கவுன்சலிங் வழியாகத்தான். அதில் வந்தால் கல்விக் கட்டணம் முழுவதையும் அரசே கட்டுகிறது. இது தெரியாமல், ஜூலையில் கவுன்சலிங் வரும்முன் மே மாதமே அட்வான்ஸ் கொடுத்து இந்த உரிமையைக் கைகழுவுகிற குடும்பங்கள் எத்தனை! நாம் கொடுக்கிற அதிகப் பணம் கல்லூரியின் தரத்துக்கான விலை அல்ல. நம் அவசரத்துக்கான விலை.

"சரி சார், இன்ஜினீயரிங் வேணாம்னா வேற என்ன இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் நூற்று அறுபதுக்கும் மேல் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆன்லைனில் ஒரே விண்ணப்பம், ஐம்பது ரூபாய். ஐந்து சட்டை. வருடக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். 1840-ல் தொடங்கி, இன்று நம்ம மெரினா எதிரில் நிற்கிற மாநிலக் கல்லூரியில் சர் சி.வி. ராமன் படித்தார். பழம்பெருமை பேசாதே என்பீர்கள். சரி, மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையில் 2022-லும் 2023-லும் இந்தியாவிலேயே மூன்றாம் இடம் அதற்கு. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது டி.வி.யில் விளம்பரம் கொடுப்பதில்லை. நடிகரைக் கூட்டிவந்து ஆட விடுவதில்லை. அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

"கவர்மென்ட் காலேஜா? அங்க வாத்தியாரே இருக்க மாட்டாங்க" என்று எங்கள் அபார்ட்மென்ட் செயலாளர் அவரிடம் சொல்லியிருக்கிறார். பாதி உண்மை. நிரந்தர இடங்களை நிரப்பாமல் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்து ஓட்டுவது இந்த அரசுக்கும் முந்தைய அரசுகளுக்கும் அவமானம். கழிப்பறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். இதையெல்லாம் உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் தனியாரில் வாத்தியார் இருக்கிறாரா? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியல் வெளியிட்டது. 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கில் இருந்தார்கள். அப்படிச் சிக்கிய இன்ஜினீயரிங் கல்லூரிகள் 224. ஒரே ஆள் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரமாம்! அனுமாருக்குக்கூட அது முடியாது. வாத்தியார் இல்லாத அரசுக் கல்லூரிக்கு நாம் சில ஆயிரம் கட்டுகிறோம். வாத்தியார் இல்லாத தனியார் கல்லூரிக்கு லட்சங்கள் கட்டுகிறோம். இதில் எது புத்திசாலித்தனம்?

'நாக் கமிட்டி ஏ டபுள் பிளஸ் கொடுத்திருக்கே' என்பார்கள். 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்துக்கு அந்தத் தரத்தைக் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது. எல்லா முத்திரையும் பொய் என்று நான் சொல்லவில்லை. முத்திரையை மட்டும் பார்த்து நிலத்தை விற்காதீர்கள் என்கிறேன்.

வேறு எதைப் பார்ப்பது? இஸ்திரிக்காரரிடம் ஒரு தாளில் எழுதிக்கொடுத்த ஐந்து கேள்விகளை இங்கேயும் தருகிறேன். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இவற்றுக்குப் பதில் கிடைக்கும்வரை பணப்பையைத் திறக்க வேண்டாம்.

ஒன்று. பிள்ளைக்கு என்ன பிடிக்கும்? இதைப் பிள்ளையிடம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் அல்ல.

இரண்டு. நாலு வருடத்துக்கும் சேர்த்து மொத்தச் செலவு என்ன? பஸ், ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம், யூனிஃபார்ம் உட்பட எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தாலே பதில் கிடைத்துவிட்டது. ரசீது இல்லாத ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கல்விக் கடன் நாலு லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கிடைக்கும். ஆனால் ரசீது இல்லாத பணத்துக்கு எந்த பேங்கும் கடன் தராது. பேங்க் நம்பாததை நாம் ஏன் நம்ப வேண்டும்? தவிர, கடனைக் கட்டப்போவது பிள்ளை. வேலைக்குச் சேரும் முதல் நாளே அதன் தலையில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

மூன்று. பாடம் நடக்கிறதா? அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. தேடிப் பாருங்கள். அதைவிட நல்ல வழி, ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய், கல்லூரி வாசல் டீக்கடையில் மூன்றாம் வருட மாணவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பது. எந்த வாத்தியார் வருகிறார், எவர் வருவதில்லை, லேபில் எந்த மெஷின் ஓடும் என்று பையன் கொட்டிவிடுவான்.

நான்கு. பேனரில் இருக்கிற பிளேஸ்மென்ட் நிஜமா? 'வருடம் இருபது லட்சம்' சம்பளம் ஒருத்தனுக்கு. எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், வரிசையில் நடுவில் நிற்கிறவனுக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். ஆஃபர் லெட்டர் வேறு, வேலை வேறு.

ஐந்து. வேண்டாம் என்றால் விடுவார்களா? வகுப்பு தொடங்கும் முன் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, ஒரிஜினல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. யு.ஜி.சி.யும் 2018-ல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஒரிஜினலைக் கேட்கிறவரிடம் ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இதைப் படித்துவிட்டு, "உங்க அக்கா பையன் படிக்காம விட்டதுக்கு காலேஜ் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்பார்கள். கேளுங்கள். தனியாரில் நல்ல கல்லூரிகளே இல்லையா என்றும் கேட்பார்கள். இருக்கின்றன. அவற்றில் படித்து மேலே வந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தக் கல்லூரிகள் இந்த ஐந்து கேள்விகளுக்கும் கோபப்படாமல் பதில் சொல்லும். கேள்வி கேட்டால் கோபம் வருகிற இடத்தில்தான் நமக்கு வேலை இல்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணை அழைத்து வந்தார். நான் முதல் கேள்வியைக் கேட்டேன். அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பிடிக்கும் அங்கிள். எங்க மேத்ஸ் மிஸ் எம்.எஸ்ஸி. ஸ்டாட்ஸ். அப்பா வண்டியில ஒரு நாளைக்கு எத்தனை துணி வருதுன்னு நான் ஒரு நோட்டுல எழுதிட்டு வர்றேன். தீபாவளிக்கு முன்னாடி எவ்ளோ கரி வேணும்னு நான்தான் சொல்லுவேன்."

அப்பாவுக்கு இது தெரியும். கரிக் கணக்கை மகள் சரியாகச் சொல்கிறாள் என்று பல தடவை என்னிடமே பெருமைப்பட்டிருக்கிறார். அது ஒரு படிப்பு, அதற்கு ஒரு டிகிரி உண்டு, அதை அரசுக் கல்லூரியில் சில ஆயிரத்துக்கு நடத்துகிறார்கள் என்பதுதான் தெரியாது. ஐம்பது ரூபாய் விண்ணப்பத்தை அன்றே போட்டோம். கவுன்சலிங்குக்கும் பதிவு செய்தோம். இரண்டும் இருக்கட்டும், எது வருகிறதோ அப்போது அவளே முடிவு செய்யட்டும் என்று பேச்சு. ரசீது இல்லாத அந்தப் பத்தாயிரம் போனது போனதுதான். ஆயிரம் சட்டை. நிலத்துக்கு ஆள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. கிளம்பும்போது சொன்னார்: "எல்லாம் சரிதான் சார். இவ்ளோ மார்க்கு வாங்கின பொண்ணை கவர்மென்ட் காலேஜுல போட்டேன்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

யார் அந்த நாலு பேர் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் அபார்ட்மென்ட் செயலாளர், எதிர் வீட்டு பேங்க் மேனேஜர், மூன்றாம் மாடி ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், மஞ்சள் பையோடு போன நான். நாங்கள்தான் 'பொண்ணை எந்த இன்ஜினீயரிங் காலேஜுல சேர்க்கப்போற?' என்று மூன்று மாதமாக அவரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் சட்டைகளைத்தான் அவர் தினமும் தேய்க்கிறார்.

உங்கள் தெருவிலும் ஒரு வண்டி இருக்கும். நாளைக் காலை துணி கொடுக்கும்போது 'எந்த காலேஜ்?' என்று கேட்காதீர்கள். 'பாப்பாவுக்கு என்ன படிக்கணும்னு ஆசை?' என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.